ரோவில் வீட்டில ரெண்டு பேர்

எதிர் வீட்டுக்காரர் போன மாதம் காஸ் இணைப்பை வெட்டிப்போட்டினம். இனிச் சமையல், சுடுதண்ணி, ஹீற்றர் எல்லாம் கரண்டிலதானாம். மீற்றரைக் கழட்டி வான் வண்டிக்குள்ள எறிஞ்ச சத்தத்துக்கு நான் வாசலுக்கு வந்து பாத்துக்கொண்டு நிண்டன். எனக்கு அதில பெரிய கவலை எண்டில்லை. ஒரு தகரப் பெட்டி, போகட்டும். ஆனா அண்டைக்குப் பின்னேரம் பாத்து காஸ் கொம்பனி ஒஃபிசில எனக்குப் பிறகு வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளையள் ரெலிபோன் எடுத்தவை. இப்ப மதிப்பீட்டு பில் எல்லாம் கொம்பியூற்றரே போடுதாம். முந்தி நீங்கள் மனுசர் இருந்து என்னத்தை அங்கிள் போட்டனீங்கள், அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன் எண்டு கேட்டினம். கேள்வியில ஒரு நக்கல் இருந்தது. இருக்கட்டும். எழுதுறன். ஆனா அவை எதிர்பாக்கிற மாதிரி எழுத மாட்டன்.

விசயம் தெரியாத ஆக்களுக்கு முதல்ல வேலையைச் சொல்லவேணும். வீட்டுக் காஸ் மீற்றரை ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா ஆள் நேர போய் வாசிக்கவேணும். கேற் பூட்டிக் கிடந்தால், நாய் நிண்டால், வீட்டுக்காரர் ஆசையா நட்ட ரோசாமரம் மீற்றரை மூடி வளந்திருந்தால் வாசிக்க ஏலாது. ஆனா பில் போகத்தானே வேணும். அப்ப அந்த வீடு எவ்வளவு காஸ் எரிச்சிருக்கும் எண்டு நாங்கள் மதிப்பிட்டுப் போடுவம். போன வருசம் இதே மாதங்களில என்ன எரிஞ்சுது, இந்த வருசம் குளிர் கூடவோ குறையவோ, வீட்டில எத்தினை பேர், இதெல்லாம் பாக்கவேணும். பில்லின்ர மூலையில இது மதிப்பீடு எண்டு சின்னனா அடிச்சிருக்கும். சனம் அதைப் பாக்காது. பில்லைக் கண்டவுடன எங்களுக்கு ரெலிபோன் எடுத்து ஏசும்.

நான் இந்த மெல்பேர்ணுக்கு வந்து முதல் பிடிச்ச வேலையே மீற்றர் வாசிக்கிறதுதான். டண்டினோங், ஸ்பிரிங்வேல் பக்கத்து நாயளுக்கு என்னைத் தெரியும், எனக்கும் அதுகளைத் தெரியும். குனிஞ்சு நிமிந்து முழங்கால் போனபிறகு உள்ளுக்கு எடுத்து மதிப்பீட்டுப் பகுதியில கதிரை தந்தவை. அந்த வருசங்களைப் பற்றி இவ்வளவு போதும். மழையில நனைஞ்சதை எல்லாம் விரிச்சு எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவியள்.

உள்ளுக்கு எனக்கு மேலதிகாரி மொரீன். என்னைவிடப் பத்து வயசு குறைஞ்சவ. கோடையிலயும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தேத்தண்ணியில பிஸ்கட்டைத் தோய்ச்சபடி இருப்பா. அவவின்ர சத்தம் உயந்து நான் கேட்டதில்லை. ஆனா அவவுக்கு முன்னால போய் நிண்டு ஒரு எண்ணைச் சொன்னீங்களோ, போச்சு. "அது எண். எனக்கு வீட்டைச் சொல்லு" எண்டுவா. ஆர் இருக்கினம் எண்டு கேப்பா. எத்தினை பேர் இல்லை, ஆர். கைக்குழந்தை இருக்கிற வீடோ, இரவு வேலைக்குப் போற ஆள் இருக்கிற வீடோ, குளிக்கேக்க சவரில நிண்டு பாட்டுப் படிக்கிற பெடியள் இருக்கிற வீடோ. அதைச் சொன்னபிறகுதான் எண்ணைத் திரும்பிப் பாப்பா. கோடைக்கால பில் ஆக்களைக் காட்டும், குளிர்கால பில் வீட்டைக் காட்டும் எண்டு எனக்குச் சொல்லித் தந்தது அவதான். கோடையில ஹீற்றர் இல்லை, அப்ப எரியிறது குளிப்பும் சமையலும் மட்டும். அதை வைச்சு ஆக்களை எண்ணலாம்.

எண்ணுவா எண்டால் உண்மையாவே எண்ணுவா. ஒருக்கா கிளென் வேவர்லியில ஒரு புருசன் பெஞ்சாதி, நாங்கள் ரெண்டு பேர் எப்பிடி இவ்வளவு எரிப்பம் எண்டு சண்டைக்கு நிண்டினம். மொரீன் தாளைப் பாத்துப்போட்டு, மூண்டு பேர், மூண்டாவது ஆள் கனநேரம் குளிக்கிறார் எண்டா. பிறகு பாத்தால் மகளோட கோவிச்சுக்கொண்டு வந்த மருமோன் கராஜுக்குள்ள கட்டில் போட்டு இருந்திருக்கிறார். வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நாங்கள் ஒரு கிழமையாச் சிரிச்சம். காஸ் பொய் சொல்லாது, எங்கயோ ஆரோ ஒருத்தர் சூடா இருக்கிறார் எண்டு மொரீன் சொல்லுவா. அப்ப அது எனக்கு வெறும் பகிடியாத்தான் இருந்தது.

இனி ரோவில் எண்ட ஊரில இருந்த வீட்டுக்கு வாறன்.

குளிர்காலம் தொடங்கேக்க ஒரு பிள்ளை சிட்னியில இருந்து ரெலிபோன் எடுத்தா. ஆங்கிலத்தில தொடங்கி, என்ர பேரைக் கேட்டவுடன தமிழுக்கு மாறினா. பேர் வத்சலா. தகப்பன் மாசி மாதம் மாரடைப்பில செத்துப்போனார். தாய் மனோன்மணி ரோவிலில தனிய இருக்கிறா. கள்ளர் பயத்தில பக்கத்துக் கேற்றுக்குப் பூட்டுப் போட்டுக் கிடக்கு, அதால மீற்றர் வாசிக்கேல்லை, மதிப்பீட்டு பில்தான் வருது. "அப்பா இல்லை அங்கிள். இன்னும் அப்பாவுக்கும் சேத்துத்தான் பில் வருது" எண்டு சொல்லேக்க அந்தப் பிள்ளையின்ர குரல் உடைஞ்சு போச்சு.

நான் மதிப்பீட்டில ஒரு ஆளைக் கழிச்சன். கழிக்கேக்க எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஏனெண்டால் அதுக்கு ஒரு மூண்டு வருசம் முதல் என்ர சொந்த வீட்டுக் கணக்கிலயும் ஒரு ஆளைக் கழிச்சது நான்தான். என்ர மனிசி சாந்தி. வருத்தம் வந்து கெதியாச் செத்துப்போனா. அதை நினைச்சுக்கொண்டு ரோவில் வீட்டுக்குக் கொஞ்சம் கூடவே குறைச்சுப் போட்டன்.

வத்சலா அடுத்தமுறை கேற்றைத் திறந்துவைக்கத் தாயிட்டச் சொல்லி ஒழுங்கு செய்தவ. நல்ல குளிருக்க எங்கட ஆள் போய் மீற்றரை வாசிச்சுக்கொண்டு வந்தார். எண்ணைப் பாத்து நான் கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்பப் பாத்தன். மனுசனும் மனிசியுமா இருந்த காலத்தில எந்தக் குளிர்காலத்திலயும் அந்த வீடு அவ்வளவு எரிக்கேல்லை. மீற்றர் படத்தைப் பாத்தால் வாசிப்புச் சரி. கீழ வாசிச்ச ஆள் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். ஜன்னலடியில ஒரு வயசுபோன மனுசன் இருக்கிறார், தட்டியும் எழும்பேல்லை, திரும்பிப் பாக்கவும் இல்லை எண்டு.

நான் அதைத் தூக்கிக்கொண்டு மொரீனிட்டப் போனன். வழக்கம்போல ஆர் இருக்கினம் எண்டு கேட்டா. ஒரு வயசுபோன அம்மா மட்டும், மனுசன் செத்துப்போனார் எண்டன். அவ பழைய எண்களையும் புது எண்ணையும் மாறி மாறிப் பாத்தா. பகிடி விடுற முகம் இல்லை.

"இல்லை. ரெண்டு பேர் இருக்கினம். அதில ஒரு ஆளுக்குச் சரியான குளிர்."

பேய் பிசாசுக் கதையளுக்குச் சிரிக்கிற ஆள் நான். சாந்தி இருக்கேக்க அவவின்ர சினேகிதியள் வந்திருந்து உந்தக் கதையள் கதைச்சால் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பிப் போடுவன். ஆனா பட்டப்பகலில, ஒஃபிஸ் வெளிச்சத்தில, சாம்பல் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரி நிதானமா இப்பிடிச் சொல்லேக்க சிரிப்பு வரேல்லை.

மனோன்மணி அக்காவுக்கு நானே ரெலிபோன் எடுத்தன். நல்ல மரியாதையான குரல். காஸ் கூட எரியுதே அக்கா எண்டு கேட்டன். "ஓம் தம்பி, கூடத்தான் எரியும். இவருக்குக் குளிர் ஏலாதெல்லோ" எண்டா. ஆருக்கு எண்டு கேட்டன். "இவருக்குத்தான்" எண்டா, நான் ஏதோ விசர்க் கேள்வி கேட்ட மாதிரி. பிறகு ரெலிபோனைக் கையால பொத்திக்கொண்டு பக்கத்தில ஆருக்கோ, காஸ்காரத் தம்பி கதைக்கிறார் எண்டு சொன்னது எனக்கு வடிவாக் கேட்டது. மற்றப் பக்கத்தால பதில் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா அவ பதிலைக் கேக்கிறதுக்குக் காத்திருக்கிற மாதிரிக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. "பிறகு கதைக்கிறம்" எண்டு வைச்சிட்டா.

நான் வத்சலாவுக்கு எடுத்தன். அந்தப் பிள்ளை அழுது கொட்டித் தீத்திட்டா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோட தொடங்கினதாம். அப்பா பின்னேரத்தில வாறார், கதிரையில இருக்கிறார், கதைக்கிறார் எண்டு அம்மா சொல்லுறா. சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கிழமை வைச்சிருந்து, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில அர்ச்சனை செய்தவையாம். அங்க அம்மா நல்லாச் சாப்பிட்டு, நல்லா நித்திரை கொண்டு, ஓயாமல் இருந்த தலையிடியும் மாறி நல்லாத்தான் இருந்தவவாம். ஆனா சிட்னிக்கு அப்பா வரேல்லை. அவரைத் தனிய விட்டுட்டு வந்திட்டன் எண்டு அடம்பிடிச்சுத் திரும்பி ஓடி வந்திட்டா. இப்ப திரும்பத் தலையிடி, சத்தி, நடந்தால் தள்ளாட்டம். டொக்டர் துக்கம் எண்டு குளிசை குடுத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு வேலையாளையும் விடுறா இல்லையாம், இவர் குழம்பிப்போவார் எண்டு.

இதை மொரீனுக்கு ஒரு புதினமாத்தான் சொன்னன். அவ பிஸ்கட்டை மேசையில வைச்சா. பேயைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. தலையிடி எங்க இருக்கேக்க வருது எண்டு கேட்டா. வீட்டில. சிட்னியில? இல்லை. ஹீற்றர் என்ன மாதிரி? பழைய சுவர் ஹீற்றர், வீடு வாங்கேக்க இருந்தது. அவ எழும்பி நிண்டு ரெலிபோனை எடுத்தா. காஸ் கூடி, வீட்டில இருக்கிற ஆளுக்குச் சுகம் குறைஞ்சால் கடிதம் போடுறேல்லை, ஆளை அனுப்பிறது, அதுவும் அண்டைக்கே. இது அவவின்ர சட்டம். எரியாத காஸ் மணக்கும், உங்களை எழுப்பும். அரைகுறையா எரிஞ்ச காஸ் மணக்காது, கண்ணுக்குத் தெரியாது, ரத்தத்துக்குள்ள போய் ஆளை மெல்ல நித்திரையாக்கும். எத்தினையோ வீட்டில சனம் கதிரையில இருந்தபடியே செத்துக் கிடந்திருக்கு.

ஹீற்றர் பாக்கிற டேரன் எண்டவரை அனுப்பினவை. ஆனா அக்கா வெள்ளைக்காரருக்குக் கதவு திறக்கமாட்டா எண்டு வத்சலா சொன்னபடியால் நானும் போகவேண்டி வந்தது. மொரீன் என்னை ஒஃபிஸ் வாசல்மட்டும் வந்து பிடிச்சுச் சொன்னா: நீ உள்ளுக்குப் போகாதை, அவவை வெளியால கூப்பிடு, டேரன் வருமட்டும் ரெண்டு பேரும் புல்லில நில்லுங்கோ.

நான் முதல்ல போய்ச் சேந்திட்டன். டேரன் ரோட்டில மாட்டுப்பட்டுப் போனார். பின்னேரம், குளிர்கால இருட்டு கெதியா இறங்கிக்கொண்டிருந்தது. மணியை அமத்த அக்கா கதவைத் திறந்தா. மெலிஞ்ச மனுசி, வெள்ளைச் சீலை, கன்னம் ரெண்டும் நல்ல சிவப்பு. வெளியால வாங்கோ அக்கா, ஒரு விசயம் கதைக்கவேணும் எண்டன். விளக்கு வைக்கிற நேரம் தம்பி, வாசலில நிக்கக்கூடாது, உள்ளுக்கு வாங்கோ எண்டா. இப்ப சொல்லுங்கோ பாப்பம். செத்தவீடு நடந்த வீடு. அஞ்சாறு மாதமாத் துக்கம் விசாரிக்க ஒரு ஆளையும் உள்ளுக்கு விடாத மனுசி என்னை உள்ளுக்குக் கூப்பிடுறா. வாசலில நிண்டு மாட்டன் எண்டு சொல்ல எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? ஒரு நிமிசம் இருந்துபோட்டுக் கையோட கூட்டிக்கொண்டு வந்திடலாம் எண்டுதான் நினைச்சன்.

நடைவழியால கூட்டிக்கொண்டு போய் ஹோலுக்குள்ள விட்டு, கதவைச் சாத்தினா. கதவுக்குக் கீழ துவாய் ஒண்டைச் சுருட்டி அணைச்சு வைச்சா. உள்ளுக்கு நல்ல வெக்கை. சுவரில மனுசனின்ர படம், மாலை, முன்னால குத்துவிளக்கு. விளக்குச் சுடர் துளிகூட அசையேல்லை. கீறி வைச்ச மாதிரி நிண்டது. ஜன்னலடிக் கதிரையில ஒரு மனுசனின்ர கோட்டை விரிச்சு, மேல கம்பளித் தொப்பியும் வைச்சிருந்தது. மீற்றர் வாசிச்ச ஆள் கண்ட வயசுபோன மனுசன் இவர்தான் எண்டு எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. சிரிப்பும் வந்தது.

பிறகுதான் சுவரைப் பாத்தன். மெல்பேர்ண் பழைய வீடுகளில மேல சின்னச் சின்னக் காத்துத் துவாரம் இருக்குமெல்லோ. ஒவ்வொண்டுக்குள்ளயும் சாரத் துணியைக் கிழிச்சு இறுக்கி அடைச்சுக் கிடந்தது. அக்காவே சொன்னா. முதல் கிழமை காத்துக்கு விளக்கு நூந்து நூந்து போச்சு தம்பி, படத்துக்கு முன்னால விளக்கு நூரலாமோ, அதுதான் இவற்ற சாரத்தைக் கிழிச்சு அடைச்சனான் எண்டு. ஹோலோட திறந்து கிடந்த குசினியில புகை இழுக்கிற ஃபான் இரைஞ்சுகொண்டிருந்தது. வடை சுட்ட எண்ணெய் மணம் இவற்ற கோட்டில பிடிச்சிடுமாம், அதால அதை நிப்பாட்டுறதே இல்லை. எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. வெளிக்காத்து வர ஒரு ஓட்டையும் இல்லை. ஃபான் வீட்டுக் காத்தை இழுக்குது. அப்ப ஹீற்றரின்ர புகைக்குழாயால வெளிய போகவேண்டியது திரும்பி உள்ளுக்குத்தான் வரும். விளக்கைக் காப்பாத்தவெண்டு அந்த மனுசி தன்ர மூச்சை அடைச்சு வைச்சிருக்கிறா.

ஹீற்றரைக் குனிஞ்சு பாத்தன். சுடர் நீலமா இருக்கவேணும். அது மஞ்சளா, நீளமா, நாக்கை நீட்டி எரிஞ்சுகொண்டிருந்தது. முன்தகடு கரி பிடிச்சுக் கிடந்தது.

அக்கா எழும்புங்கோ, வெளியால போவம் எண்டன். அவ என்ர கையில தேத்தண்ணியைத் தந்துபோட்டு முன்னால இருந்தா. "இருங்கோ தம்பி. விளக்கு வைச்சாச்சு, இப்ப வந்திடுவார். முதல்ல நடையில இருமல் கேக்கும். பிறகு கதிரை கிறீச்சிடும். கனக்கக் கதைக்கமாட்டார், முந்தியும் அப்பிடித்தானே. போகேக்க மட்டும் 'போட்டு வாறன்' எண்டு சொல்லுவார்." அவவின்ர முகத்தில அப்பிடி ஒரு பெருமை. புதுசாக் கலியாணம் கட்டின பொம்பிளையின்ர முகம்.

நான் திரும்ப எழும்பச் சொல்லத்தான் வாயைத் திறந்தன். அப்ப நடையில சத்தம் கேட்டது.

இருமல் இல்லை. செருப்புச் சத்தம். வீட்டுக்குள்ள போடுற றப்பர் செருப்பு. வலக்கால் ஒழுங்கா விழுகுது, இடக்கால் இழுபடுது. ஒரு அடி, ஒரு இழுவை. ஒரு அடி, ஒரு இழுவை. சாந்திக்கு முழங்காலில ஒப்பரேசன் செய்தபிறகு அவ அப்பிடித்தான் நடப்பா. நான் ரீவி பாத்துக்கொண்டிருக்க, குசினியில இருந்து தேத்தண்ணியோட வரேக்க இந்தச் சத்தம்தான் முதல் வரும். காலைத் தூக்கி வையுமன் எண்டு நான் ஏசுவன்.

எனக்குத் தெரியும். மஞ்சள் சுடர் எண்டால் என்ன எண்டு தெரியும், என்ர தலை ஏன் பாரமாக் கிடக்கு எண்டு தெரியும், நான் கேக்கிறது என்ர ரத்தத்துக்குள்ள போன காஸ் போடுற சத்தம் எண்டும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தன். சத்தம் கிட்ட வந்து, கதவுக்கு அங்கால நிண்டது. கதவு திறக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். என்ர வாழ்க்கையில நான் அவ்வளவு பயந்ததும் இல்லை, அவ்வளவு ஆசைப்பட்டதும் இல்லை.

கோப்பை விழுந்து உடைஞ்ச சத்தத்துக்குத்தான் திரும்பினன். மனோன்மணி அக்காவின்ர தலை ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. கண் பாதி மூடி, வாயில அதே சிரிப்பு. சுவரைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினன். அவவைக் கக்கத்துக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கி இழுத்தன். வெளிய போறதெண்டால் அந்தக் கதவாலதான் போகவேணும். கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு கணம் நிண்டன். பிறகு திறந்தன்.

நடையில ஒருத்தரும் இல்லை. குளிர்ந்த இருட்டு மட்டும்தான் இருந்தது.

புல்லில அவவைக் கிடத்திப்போட்டு நானும் பக்கத்தில விழுந்து சத்தி எடுத்தன். அப்பத்தான் டேரன் வந்து இறங்கினார். சேட்டில கொழுவியிருந்த, காஸ் நஞ்சைப் பிடிக்கிற சின்னக் கருவி வாசல்படியிலயே கத்தத் தொடங்கிச்சுது. காஸைப் பூட்டி, ஜன்னலெல்லாம் திறந்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ரெண்டு பேரையும் கதிரையில இருந்துதான் எடுத்திருப்பம் எண்டு பிறகு மொரீனுக்குச் சொன்னாராம். மொரீன் ஆஸ்பத்திரிக்கு வந்து, புல்லில நிக்கச் சொன்னனான் எண்ட ஒரு வசனத்தைத் தவிர ஒண்டும் சொல்லேல்லை. பிறகு அந்தச் சாம்பல் கம்பளிச் சட்டையைக் கழட்டி என்ர தோளில போட்டுவிட்டா.

அக்கா பிழைச்சிட்டா. வத்சலா சிட்னியில இருந்து அடுத்த பிளேனில வந்து நிண்டு எல்லாம் பாத்தா. துவாரங்களில இருந்த சாரத்துணியை இழுத்து எடுத்து, பழைய ஹீற்றரைக் கழட்டி எறிஞ்சு, கரண்ட் ஹீற்றர் பூட்டினவை. காஸ் நஞ்சு மூளையில ஏறினால் இல்லாததைக் காட்டும், கேக்கப் பண்ணும் எண்டு டொக்டர்மார் வத்சலாவுக்கு விளங்கப்படுத்தினவையாம். தாயும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவவாம். அடுத்த பில்லுக்கு நான் அந்த வீட்டுக்கு ஒரு ஆளுக்குரியது போட்டன். மீற்றரும் அதையேதான் காட்டினது. வேலையைப் பொறுத்தமட்டில விசயம் முடிஞ்சுது.

குளிர் போய் வெய்யில் வரத்தொடங்கின நேரம் அக்கா எனக்கு எடுத்தா. நல்ல தெளிவான குரல். தலையிடி இல்லை, சாப்பாடு இறங்குது, நித்திரை வருது, நீங்கள் செய்தது பெரிய உதவி தம்பி, நூறு வயசுக்கு நல்லா இருக்கவேணும் எண்டா. நான் சந்தோசம் அக்கா எண்டன்.

"இவர் இப்ப வாறேல்லை, தம்பி."

நான் ரெலிபோனை மற்றக் காதுக்கு மாத்தினன்.

"கடைசியா வந்த நாளும் போகேக்க 'போட்டு வாறன்' எண்டுதான் சொன்னவர்" எண்டா. பிறகு மெல்லக் கேட்டா: "அந்தப் பழைய ஹீற்றரை எங்க கொண்டுபோய்ப் போட்டவை?"

நசிச்சுப்போட்டினம் அக்கா எண்டன். ஓம் எண்டா. அழேல்லை. அவ அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். உயிரைக் காப்பாத்தினனான் எண்டு ஊரெல்லாம் சொல்லுது, அந்த மனுசியிட்ட இருந்து மட்டும் நான் எதையோ பறிச்சுக்கொண்டு வந்த மாதிரித்தான் எனக்கு இருந்தது. வைக்கப்போறா எண்டு நினைச்சன். வைக்கேல்லை.

"அண்டைக்கு ஒரு செருப்புச் சத்தம் வந்ததெல்லோ. ஒரு காலை இழுத்து இழுத்து."

நான் அந்தச் சத்தத்தைப் பற்றி அண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. மொரீனுக்கும் இல்லை, டொக்டருக்கும் இல்லை, என்ர மகனுக்கும் இல்லை.

"அது இவர் இல்லை, தம்பி. இவர் வீட்டுக்குள்ள செருப்புப் போடுறேல்லை. உங்களைத் தேடி ஆரோ வந்தவை எண்டு விளங்கிச்சுது. அதுதான் நான் பேசாமல் இருந்தனான்."

இதுக்கு டொக்டர்மாரிட்டயும் பதில் இருக்கும். நான் கேக்கேல்லை. ஒஃபிஸ் பிள்ளையளே, கொம்பியூற்றருக்கும் குடுத்துப் பாருங்கோ, அது ஏதும் சொல்லுதோ எண்டு.

அண்டைக்கு வீட்டுக்குப் போய்ப் போட்டிருந்த சேட்டையும் கழட்டாமல் என்ர ஹீற்றருக்கு முன்னால முழங்கால் நோக நோகக் குந்தினன். என்னுடையதும் பழைய சுவர் ஹீற்றர்தான். தட்டிப் பத்தவைச்சுப்போட்டுக் கண்ணாடிக்குள்ளால பாத்தன். நீலம். சின்னனா, ஒழுங்கா, அப்பழுக்கில்லாத நீலம். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, எனக்குக் கண்ணீர் வந்திட்டுது, அது நிம்மதியில வந்த கண்ணீர் இல்லை.

பயப்படாதைங்கோ. மகன் வந்து காஸ் நஞ்சுக்கு அலாரம் பூட்டித் தந்திருக்கிறான், பற்றறி முடிஞ்சு அது கீச்சிட்டால் உடன புதுசு போடுறன். துவாரங்களில ஒரு நூலும் இல்லை. வாற குளிருக்கு முன்னம் காஸை வெட்டிப்போட்டுக் கரண்டுக்கு மாறவேணும் எண்டு அவன் கரைச்சல் குடுக்கிறான், எதிர் வீட்டுக்கு வந்த ஆக்களின்ர நம்பரையும் வாங்கித் தந்திட்டான். எடுக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறன். பின்னேரத்தில விளக்கு வைச்சபிறகு தேத்தண்ணியோட ஹீற்றருக்கு முன்னால கதிரையைப் போட்டு, ரீவிச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, நடைப் பக்கம் கொஞ்சநேரம் காதுகுடுத்துக்கொண்டு இருப்பன். பிறகு குனிஞ்சு பாப்பன். நேற்றும் பாத்தன். நீலமாத்தான் எரியுது.